இருபத்திரண்டு கிலோ நானூறு

என் கணவர் நாகேஸ்வரனுக்குப் பத்து வருஷக் கடுங்காவல் கிடைத்தது செடிக்குத் தண்ணீர் ஊற்றியதற்காக. கஞ்சா வளர்த்ததும் உண்மைதான். அதை நான் எந்தக் காலத்திலும் மறைத்ததில்லை. அதற்கு மட்டும் என்றால் மூன்று வருஷத்தோடு போயிருக்கும் என்று கறுப்புக் கோட்டுக்காரர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மிச்சம் ஏழு வருஷம் தண்ணீருக்கு.

அவர் ஓர் அரசாங்கப் பண்ணையில் மேற்பார்வையாளராக இருந்து 2001-ல் ஓய்வு பெற்றவர். கனகக்குன்று மலர்க் கண்காட்சியில் ஆந்தூரியத்துக்கு ஏழு தடவை முதல் பரிசு வாங்கினார். எட்டாவது தடவை சாஸ்தமங்கலத்து டாக்டர் ஒருவரின் மனைவிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளையில் அந்த அம்மாளின் பூவைப் பற்றித்தான் பேச்சு. பூவின் காம்பு வளைந்திருந்ததாம். நடுவர்களுக்குக் காம்பு பார்க்கத் தெரியாதாம். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. இப்படிப்பட்ட விஷயங்களைக் கேட்பதற்கு நான் ஒருத்திதான்.

அந்தச் சமயத்தில்தான் மகேஷ்குமார் வந்தான். திருநெல்வேலிக்காரன், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை, கழுத்தில் கம்பெனி அட்டை. கண்காட்சியில் அவரைத் தேடிப் பிடித்து, கரமனையில் எங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டான்.

"வெளிநாட்டு மூலிகை சார். மருந்துக் கம்பெனிக்கு. வீட்டுக்குள்ளயே லைட்டு போட்டு வளக்கணும். மூணு பேரு ட்ரை பண்ணி அழுகிப்போச்சு. நீங்க கை வச்சா வரும்னு எல்லாரும் சொல்லுதாங்க."

எல்லாரும் சொல்லுகிறார்கள் என்ற ஒரு வார்த்தை போதும் அவருக்கு. மறுநாள் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கழக்கூட்டத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

செடி வளர்க்க அங்கே ஒரு வீடு வாடகைக்குப் பிடிக்கும்போது, கல்யாணமாகாத பையன்களுக்குக் கொடுப்பதில்லை என்று வீட்டுக்காரர் சொன்னாராம். கரமனை அக்ரஹாரத்து ஐயர் என்றதும் முகம் மலர்ந்து, வாடகைப் பத்திரத்தில் இவர் பெயரையே எழுதிக்கொண்டார். இவரும் முழுக் கையெழுத்தாக, அப்பா பெயர் தாத்தா பெயரோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். கௌரவம் எதற்கெல்லாம் உபயோகப்படுகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு அது என்ன செடி என்று தெரியாது என்று கடைசிவரை எங்கள் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாவம், அப்பாவி பிராமணன். எனக்குக் கேட்கவே பிடிக்காது. முப்பது வருஷம் செடியோடு இருந்தவருக்கு இரண்டு இலை விட்டதுமே தெரிந்துவிட்டது. எனக்கும் தெரியும். அவருடைய வேட்டியில் வந்த வாடையை நான்தான் இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசினேன். ஓய்வு பெற்றபிறகு முதல் தடவையாக மனுஷர் பாடிக்கொண்டு குளிக்கிறார், அதைக் கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். அப்பாவிப் பட்டத்தை எனக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

வாடைதான் காட்டிக்கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் மச்சில் மரநாய் குடியேறிவிட்டதென்று நினைத்து ஆள் கூப்பிட்டு ஓடு பிரித்துப் பார்த்தார். மரநாய் இல்லை. எதிரே ஜன்னலை அடைத்த அறையிலிருந்து கோடு கோடாக, தெருவிளக்கைப் போல மஞ்சளாக, வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. 2004 மார்ச் பதிமூன்றாம் தேதி பகல் பதினோரு மணிக்கு எக்சைஸ்காரர்கள் வந்தார்கள். மகேஷ்குமார் அதற்கு நாலு நாள் முன்பே சிங்கப்பூரோ எங்கேயோ போயிருந்தான். இன்றுவரை அவனை யாரும் தேடியதாகத் தெரியவில்லை. பத்திரத்தில் அவன் பெயர் இல்லையே.

அன்று நடந்ததை அவர் ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் பெருமையாகத்தான் சொன்னார்.

பெரிய அதிகாரி ஒருவர் முன்னிலையில்தான் எடை போட வேண்டுமாம். அவர் வர மூன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை விளக்குகளையும் மின்விசிறிகளையும் அணைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து, காதில் செல்போனை வைத்துக் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தார். மார்ச் மாத உச்சிவெயில். அடைத்த அறை. அறுபத்தோரு தொட்டி. செடிகள் தலையைத் தொங்கப்போட ஆரம்பித்தன. இவர் இன்ஸ்பெக்டரிடம் போய்க் கைகட்டி நின்றார்.

"ஸாரே, இதுக்கெல்லாம் இத்திரி வெள்ளம் ஒழிக்கட்டே?"

"ஒழிச்சோ ஸ்வாமீ, ஒழிச்சோ," என்று மலையாளத்திலேயே தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கையை ஆட்டினார் அவர். யாரோ சிக்சர் அடித்திருந்தார்களாம்.

அறுபத்தோரு தொட்டிக்கும் தலைக்கு ஒன்றரைக் குவளை. எல்லாம் நிமிர்ந்தன. அதைச் சொல்லும்போது அவர் கையை நெஞ்சுவரை உயர்த்திக் காட்டினார்.

"வாடினா வாடிட்டுப் போறது! அவா பிடிச்சுண்டு போகப்போற செடிக்கு நீங்க என்னத்துக்கு விட்டேள்?" என்று கேட்டேன்.

"நோக்குப் புரியாது விஜயம். எல ஒண்ணொண்ணாத் தொங்கறது. பாத்துண்டு எப்படி நிக்கறது?"

"அப்பறம் வேரோட பிடுங்கினாளே, அதைப் பாத்துண்டு நின்னேளோல்லியோ?"

"அது அவா வேலை," என்றார்.

பிடுங்கினார்கள். உலர்ந்த மண்ணாக இருந்தால் உதிர்ந்திருக்கும். ஈர மண் வேரோடு உருண்டையாக வந்தது. தட்டவில்லை, உதறவில்லை. அப்படியே சாக்குகளில் திணித்து, முக்கில் தேங்காய்க் கடை வைத்திருந்த நேசையனின் தராசைக் கொண்டுவரச் சொல்லி நிறுத்தார்கள். இருபத்திரண்டு கிலோ நானூறு கிராம். இலை, தண்டு, வேர், சேறு, ஒன்றரைக் குவளை தண்ணீர் எல்லாம் சேர்த்து, கஞ்சா என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். முழுக் கையெழுத்து.

சட்டம் இருபது கிலோவில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் நீதிபதி எவ்வளவு குறைவாகவும் தண்டிக்கலாம், ஜாமீனும் கொடுக்கலாம். கோட்டைத் தாண்டினால் வியாபார அளவு. பத்து வருஷத்துக்குக் குறையாது. ஜாமீன் கேட்டு வக்கீல் வாய் வலிக்கப் பேசலாம், கிடைக்காது.

வழக்கை நடத்தியவன் ஸ்ரீநிவாஸ். என் நாத்தனார் பிள்ளை, வஞ்சியூர் கோர்ட்டில் வக்கீல். நல்ல பையன்தான், தோற்ற பிறகும் நன்றாகச் சாப்பிடுவான். அவன் மாமாவுக்கு ஒரு வாரம் பாடம் சொல்லிக்கொடுத்தான்.

"மாமா, ஜட்ஜி கேப்பார். ஒரே வரி. அழகுச் செடின்னு சொன்னா, நம்பினேன். அதுக்கு மேல வாயைத் திறக்கப்படாது, கேட்டேளா?"

ஜட்ஜி கேட்டார். ஆய்வகத்து அறிக்கையில் ஆண் செடியும் பெண் செடியும் கலந்திருந்ததாக எழுதியிருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று வழக்கமான கேள்விகளில் ஒன்றாகத்தான் கேட்டார். இவர் கூண்டில் நிமிர்ந்து நின்றார். அந்த அறிக்கை எழுதியவருக்கு ஒன்றும் தெரியாது என்றார். ஒரு ஆண் செடிகூடக் கிடையாது, ஆறாவது வாரத்திலேயே ஆண் செடிகளையெல்லாம் இனம் கண்டு நானே பிடுங்கி எறிந்துவிட்டேன், இல்லாவிட்டால் இந்தத் தரம் வருமா என்று அவரையே திருப்பிக் கேட்டார். டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டாள். ஸ்ரீநிவாஸ் தன் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டான். விவரம் தெரியாதவர் என்ற பெயரோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். விவரம் தெரிந்தவர் என்ற பெயரோடு ஜெயிலுக்குப் போனார். டாக்டர் மனைவி அன்று கோர்ட்டில் இருந்திருந்தால் அவருக்கு இன்னும் திருப்தியாக இருந்திருக்கும்.

எங்கள் பக்கத்துக்கு மிஞ்சியது நேசையன் மட்டும்தான். முன்பே அரசுத் தரப்புச் சாட்சியாக வந்து போனவர்.

"சாக்கு நனைஞ்சிருந்துதா?" என்று ஸ்ரீநிவாஸ் கேட்டான்.

"நனைஞ்சிருந்தா? வெள்ளம் சொட்டிச்சு ஸாரே. எனக்க சட்டையெல்லாம் சேறு. கொக்கியில இருந்து சாக்கு வழுக்கிக் கீழே விழுந்து, ரெண்டாமத்தும் அதையே தூக்கி மாட்டினோம்."

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் ஜட்ஜி.

"எனக்க தராசு எப்பக் கிட்டும் ஸார்? ரெண்டு வருசமா இரவல் தராசு வச்சுத் தேங்காக் கச்சோடம் பண்ணுகேன்."

சாட்சிப் பொருளை வழக்கு முழுசாக முடியாமல் கொடுக்க முடியாது என்று சொல்லி அவரை அதட்டி இறக்கினார்கள். தீர்ப்பில் அவருடைய சேற்றுக்கு ஒரு வரி இருந்தது. பொறுப்புள்ள அதிகாரி எழுதிய எடையை நம்பாமலிருக்கக் காரணம் ஏதும் இல்லை என்ற வரி. 2006 பிப்ரவரி. பத்து வருஷம். ஒரு லட்சம் அபராதம்.

அப்பீல் போட்டோம். மேல் கோர்ட் வடக்கே ரயிலில் நாலரை மணி நேரம். எட்டுத் தடவை போனேன். ஒருமுறை கேஸ் கட்டு வரவில்லை. ஒருமுறை கட்டு வந்தது, அரசு வக்கீல் வரவில்லை. ஒருமுறை எல்லாரும் வந்திருந்தார்கள், ஜட்ஜி மாறிவிட்டார். ஒவ்வொரு தடவையும் ஸ்ரீநிவாஸ், "லிஸ்ட்ல வந்துடுத்தே மாமி, அதுவே பெரிசு," என்பான். ரயில்வே கேண்டீன் கட்லட்டைத் தின்றபடி சொல்வான்.

ஜெயில் வாசலில் நிற்கும் வரிசையில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். உலகம்மாள். சித்தாள் வேலை பார்க்கிறவள். புருஷன் சுடலைக்கண்ணு உள்ளே இருந்தான். முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, ஒங்க வீட்டு ஐயரு என்ன செஞ்சாரு?"

சொன்னேன்.

"எம்புட்டு?"

"இருபத்திரண்டு கிலோ நானூறு."

"யாத்தே! எங்க ஆளு ஒண்ணரைக் கிலோவ இடுப்புல சுத்திக்கிட்டுச் செங்கோட்ட ரயில்ல வந்து ரெண்டு வருசம் வாங்குனான். ஒங்க ஐயரு பெரிய கைதாம் போங்க."

மண்ணையும் தண்ணீரையும் விளக்கினேன். அவள் வரிசையை விட்டு விலகிப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்க ஆளு வேர்த்து ஊத்திக்கிட்டு நின்னான். நல்லவேள, துணியோட நிறுக்கல. அதுக்கு ஒரு வருசம் கூடப் போட்டிருப்பானுவ."

அந்த வழக்கை ஒழுங்காகப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவள்தான். எங்கள் தெருவில் மூன்று ஆடிட்டர், ஒரு ரிட்டயர்ட் சப் ஜட்ஜி உண்டு.

ஜெயிலில் அவருக்குத் தோட்ட வேலை கொடுத்தார்கள். பாகல் நன்றாகக் காய்க்கிறது, சூப்பிரண்டே பாராட்டினார் என்பார். நான் அப்பீல் பற்றிச் சொன்னால் பாகல் பற்றிப் பேசுவார். 2007 அக்டோபர் பதினெட்டாம் தேதி காலை பாத்தி ஓரமாக உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கையில் பூவாளி இருந்ததாக வார்டர் சொன்னார். இருந்திருக்கும்.

கரமனை ஆற்றங்கரையில் ஸ்ரீநிவாஸ்தான் கொள்ளி வைத்தான். நாலு வருஷமாக எங்கள் வாசலைப் பார்க்காமலே கோவிலுக்குப் போனவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். எதிர் வீட்டுச் சரஸ்வதியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியோ வெளில வந்துட்டாரேடி," என்றாள். ஆறுதலாம்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து, பாயசம் சாப்பிட்டுவிட்டு ஸ்ரீநிவாஸ் மெதுவாக ஆரம்பித்தான்.

"மாமி, அந்த அப்பீல் இனிமே கிடையாது."

"கிடையாதுன்னா?"

"ஆள் போயாச்சுன்னா அப்பீலும் போயிடும். சட்டம் அப்படி."

"தீர்ப்பு?"

"அது நிக்கும்."

"ஆள் கிடையாது, அப்பீல் கிடையாது, பத்து வருஷம் மட்டும் நிக்குமா? யார் தலைல?"

அவன் இலையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். "நெருங்கின சொந்தக்காரா முப்பது நாளைக்குள்ள மனு போட்டா நடத்தலாம்னு ஒரு வழி இருக்கு. ஆனா என்னத்துக்கு மாமி? ஜெயிச்சாலும் யார் வெளில வரப்போறா?"

நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வேரையும் சேற்றையும் உதறி நிறுத்திருந்தால் மூன்று வருஷம். பிடித்த நாளிலிருந்து மூன்று வருஷம் 2007 மார்ச் பன்னிரண்டோடு முடிகிறது. அன்று மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பார். அதற்குப் பிறகு ஏழு மாதம் ஆறு நாள் இருந்தார். அந்த ஏழு மாதமும் அவர் இந்த வீட்டில் இருந்திருக்க வேண்டும், டாக்டர் மனைவியின் காம்பைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும், நான் சலித்துக்கொண்டே கேட்டிருக்க வேண்டும். மூன்று வருஷம்தான் சரியான தண்டனை என்று அந்தக் கோர்ட் எழுதிவிட்டால், அந்த ஏழு மாதத்தை அவர்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பது காகிதத்தில் வந்துவிடும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நஷ்ட ஈடு கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடக் கிளம்பினேன். சரஸ்வதியம்மாள் தெருவிலேயே மறித்தாள்.

"ஒரு வருஷம் படி தாண்டப்படாது. தெரியாதாடி நோக்கு? அதுவும் கோர்ட்டுக்கா?"

"படி தாண்டறதுக்கு ஒரு வருஷம், மனுவுக்கு முப்பது நாள். சாஸ்திரமும் சட்டமும் கலந்து பேசிண்டு வரட்டும், மாமி. அதுவரைக்கும் பஸ் நிக்காது," என்றேன்.

அவள் அதற்குப் பிறகு என்னுடன் பேசவில்லை. அந்த அப்பீலில் எனக்கு முதலில் கிடைத்த நிவாரணம் அது.

மனுவை ஏற்றுக்கொண்டார்கள். இறந்தவருக்காக மனைவி நடத்தலாம் என்று உத்தரவாயிற்று. 2008 ஆகஸ்டில் ஒருநாள் உண்மையிலேயே விசாரணை நடந்தது. பன்னிரண்டு நிமிஷம். நான் கைக்கடிகாரம் பார்த்தேன். நேசையன் சொன்னதை ஸ்ரீநிவாஸ் வாசித்தான். இரண்டு ஜட்ஜிகளில் மூத்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். செடியின் பூக்கும் நுனி மட்டும்தானே சட்டப்படி கஞ்சா, இவர்கள் தோட்டத்தையே நிறுத்திருக்கிறார்களே என்றார். அரசு வக்கீல் எழுந்து ஏதோ முனகினார். தண்ணீரைத் தடை செய்து இதுவரை சட்டம் வரவில்லை என்று ஜட்ஜி சொன்னதும் கோர்ட்டே சிரித்தது. நாலரை வருஷம் முன்னால் எவராவது அந்தச் சிரிப்பைச் சிரித்திருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து ஸ்ரீநிவாஸ் தீர்ப்பின் நகலோடு வந்தான். வாசலிலிருந்தே கத்தினான்.

"ஜெயிச்சுட்டோம் மாமி! வியாபார அளவுங்கறது தள்ளியாச்சு!"

"எத்தனை வருஷம்?"

"அபராதத்தையும் நன்னாக் கொறைச்சுட்டா."

"எத்தனை வருஷம்னு கேட்டேன்."

அவன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். "ஏற்கெனவே அனுபவித்த காலமே போதுமான தண்டனைன்னு."

"அனுபவிச்ச காலம்னா?"

"பிடிச்ச நாள்லேர்ந்து… மாமா போன நாள் வரைக்கும்."

"மூணு வருஷம் ஏழு மாசம் ஆறு நாள்."

"ஆமா."

"அவர் மார்ச்சுல செத்திருந்தா?"

ஸ்ரீநிவாஸ் காகிதத்தை மடித்தான். பிறகு, பாவம், உண்மையைச் சொன்னான். "அப்பவும் இதேதான் எழுதியிருப்பா, மாமி."

இன்னும் நாலு வருஷம் இருந்திருந்தால் ஏழரை வருஷமும் போதுமானதாக இருந்திருக்கும். என் புருஷன் எவ்வளவு நாள் உயிரோடிருந்தாரோ அவ்வளவுதான் அவருக்குச் சரியான தண்டனை. ஒரு நாள் கூடவில்லை, குறையவில்லை. அந்த ஏழு மாதத்தையும் கிராம் பிசகாமல் நிறுத்து எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

நான் முப்பத்தோரு வருஷம் ஓர் அரசு இலாகாவில் டைப்பிஸ்டாக இருந்தவள். பெயரை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே அடிக்கும் காகிதத்தை எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும். தீர்ப்பை வாங்கி நானே கடைசி வரியைப் படித்தேன். வேறு வழக்கில் தேவைப்படாவிட்டால் மேல்முறையீட்டாளரை உடனே விடுதலை செய்யவும் என்று இருந்தது. முதல் பக்கத்தில் அவர் இறந்துவிட்டார் என்றும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒன்பது பக்கம். அவ்வளவு தூரம் ஞாபகம் வைத்துக்கொள்வது கஷ்டம்தான்.

அடுத்த ஜனவரியில் ஒருநாள் பகலில் நேசையன் கரமனைக்கு வீடு விசாரித்துக்கொண்டு வந்தார். தோளில் ஒரு சாக்கு. பெரிய கொக்கியும் தட்டுச் சங்கிலியும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. வழக்கு முடிந்ததால் தராசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். துரு ஏறி முள் அசையவில்லை.

"இனி பழைய இரும்புன்னு ஆக்கருக்குத்தான் போடணும். போகட்டும். ஐயரைப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன், அம்மா."

"என்ன வார்த்தை?"

"எனக்க சாட்சியினாலதான் விட்டாங்கன்னு அங்க ஆப்பீஸில சொன்னாங்க. உடனே விடச்சொல்லி ஆர்டர் வந்திருக்காமே. ஐயரு வீட்டில உண்டா?"

அந்தக் கடைசி வரியை உலகத்தில் நம்பிய ஒரே மனிதர் அவர்தான். என் கணவர் போன தேதியைச் சொன்னேன். அவர் சாக்கைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். சங்கிலி சலசலத்து அடங்கியது.

"அப்போ எனக்க தராசு மாத்திரந்தான் வெளியில வந்ததோ?" என்றார்.

ஆமாம் என்றேன். உள்ளே வந்து உட்காரச் சொல்லி, காப்பி கலக்கப் போனேன்.